ரத்த வகை முகாம் நடத்தப் போகிறீர்களா? முதலில் மின்விசிறியை அணையுங்கள்

எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நடந்த முதல் ரத்த வகை முகாமில் 60 பேருக்கு அட்டை கொடுத்தோம். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது முதலாமாண்டு மாணவி ஒருத்தி அட்டையோடு வந்து நின்றாள். "சார், எங்க அப்பா ஓ, அம்மாவும் ஓ. எனக்கு மட்டும் எப்படி ஏபி வந்துச்சு?"

பதிவேட்டைப் புரட்டினேன். 60 பேரில் 14 பேர் ஏபி பாசிட்டிவ். நம் பக்கத்தில் நூறு பேரைப் பார்த்தால் ஏபி ஏழெட்டுப் பேர் தேறுவதே அதிகம். காரணம் தேடிப் போனால், மேசைக்குப் பக்கத்தில் நானே கொண்டுவந்து வைத்த பெரிய பெடஸ்டல் ஃபேன். அதன் காற்றில் கண்ணாடி ஸ்லைடில் இருந்த துளிகள் காய்ந்து, ஓரத்தில் ரத்தம் திரண்டு, சோதனை மருந்து எல்லாவற்றிலும் ரத்தம் 'திரிந்தது' போலத் தெரிந்திருக்கிறது; அப்படித் தெரிந்தால் ஏபி பாசிட்டிவ் என்று அர்த்தம். 60 அட்டைகளையும் திரும்ப வாங்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம். அந்தப் பெண் ஓ பாசிட்டிவ்.

அதற்குப் பிறகு நடத்திய முகாம்களில் கற்றதை இங்கே வரிசையாகத் தருகிறேன். கல்லூரி, இளைஞர் மன்றம், மகளிர் குழு என்று முதல்முறையாக நடத்துபவர்களுக்கானது இது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். விரலில் குத்தி ஸ்லைடில் பார்க்கும் இந்த முடிவை வைத்து எந்த மருத்துவமனையும் ரத்தம் ஏற்றாது, ஏற்றவும் கூடாது. அங்கே திரும்பவும் வகை பார்த்து, கிராஸ் மேட்ச் (கொடுப்பவர் ரத்தமும் பெறுபவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) செய்துதான் ஏற்றுவார்கள். நம் அட்டை ரத்தக் கொடையாளர் பட்டியல் தயாரிக்கவும், தன் வகை என்னவென்றே தெரியாதவர் தெரிந்துகொள்ளவும், நெகட்டிவ் ஆட்களை அடையாளம் காணவும்தான். அட்டையின் கீழே 'ரத்தம் ஏற்றுவதற்கு இந்த முடிவைப் பயன்படுத்தக் கூடாது' என்று அச்சடித்துவிடுங்கள்.

1. ஆள் பிடியுங்கள்

ஸ்லைடில் பார்ப்பது எளிது, பத்து நிமிடத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். உயிரியல் படித்த மாணவர்களை வைத்தே முடித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். வேண்டாம். குத்துவதும் முடிவு சொல்வதும் மருத்துவ ஆய்வகப் படிப்பு முடித்த டெக்னீஷியன் வேலை. மாணவர்கள் பதிவு, வரிசை, அட்டை எழுதுவது ஆகியவற்றோடு நிற்கட்டும்.

அரசு மருத்துவமனையின் ரத்த மையத்தையோ உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தையோ முதலில் கேளுங்கள். ரத்த தான முகாமோடு சேர்த்து நடத்தினால் ரத்த மையக் குழுவே வந்து பார்த்துக் கொடுப்பதும் உண்டு. அது அமைந்தால் கீழே உள்ள பாதி வேலை உங்களுக்கு இல்லை. அமையாவிட்டால் இரண்டு டெக்னீஷியன்களை ஏற்பாடு செய்து, ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் நடத்துங்கள். ஒருவரை மட்டும் வைத்து ஒப்பேற்றாதீர்கள். ஏன் இரண்டு பேர் என்பது 7ஆவது படியில் புரியும்.

இரண்டு பேர் ஒரு மேசையில் நிதானமாக வேலை பார்த்தால் மணிக்கு 25 பேர் முடியும். ஒன்பதரையிலிருந்து ஒன்று வரை, இரண்டிலிருந்து நாலரை வரை என்றால் 150 பேர். அதற்கு மேல் ஒரே நாளில் பெயர் வாங்காதீர்கள். மாலை நாலு மணிக்கு மேல் டெக்னீஷியன் கண்ணுக்கு எல்லா ஸ்லைடும் ஒன்றுபோலவே தெரியும்.

2. காகித வேலை: மூன்று வாரம் முன்பே

- கல்லூரி முதல்வரிடமோ இடத்துக்குப் பொறுப்பானவரிடமோ எழுத்துப்பூர்வ அனுமதி. பள்ளி என்றால் தலைமையாசிரியர் தானாக முடிவெடுக்கத் தயங்குவார். கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போய் வர வேண்டும். அதற்கு மட்டுமே இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.
- ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்குத் தகவல் கடிதம். கடிதத்தின் நகலில் 'பெறப்பட்டது' என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.
- வருகிற ஒவ்வொருவரும் தரும் ஒப்புதல் படிவம். 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் என்பது முகாம் அன்று காலையில்தான் எனக்கு உறைத்தது. 30 பேரைத் திருப்பி அனுப்பினோம். படிவத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.
- டெக்னீஷியன்களின் சான்றிதழ் நகல்.
- மருத்துவக் கழிவை எடுத்துக்கொள்ள ஒரு மருத்துவமனையோ ஆய்வகமோ தரும் ஒப்புதல் கடிதம். இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மருத்துவ முகாம்களுக்கும் பொருந்தும். 'காலேஜ் பின்னாடி குழி தோண்டிப் புதைச்சிடலாம் சார்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

3. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

முக்கியமான பொருள், வகையைக் காட்டும் சோதனை மருந்து உள்ள மூன்று குப்பிகள். ஆன்டி-ஏ நீல நிறம், ஆன்டி-பி மஞ்சள், ஆன்டி-டி நிறமற்றது. 10 மில்லி குப்பியில் ஏறக்குறைய 200 துளி இருக்கும். 150 பேருக்கு ஒரு செட் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் திரும்பப் பார்க்க வேண்டியவை, கீழே சிந்துவது எல்லாம் உண்டு. இரண்டு செட் வாங்குங்கள்.

கடைசியாக நாங்கள் 150 பேருக்குச் செலவழித்தது இது. ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

- மூன்று குப்பி கொண்ட செட் இரண்டு: 1,200 ரூபாய்
- லான்செட் (விரலில் குத்தும் சின்ன ஊசி), 100 கொண்ட பெட்டி இரண்டு: 240
- கண்ணாடி ஸ்லைடு, 50 கொண்ட பெட்டி நான்கு: 320
- கையுறை, 100 கொண்ட பெட்டி நான்கு: 1,200
- பஞ்சு, ஸ்பிரிட், பல்குச்சி, சலைன் (உப்பு நீர்), ஹைப்போகுளோரைட் (கிருமிநாசினி): 400
- ஊசிக் கழிவுப் பெட்டி, நிறப் பைகள்: 250
- அட்டை அச்சடிக்க: 450
- டெக்னீஷியன் இருவருக்கு: 2,000
- ஆட்டோ, சாப்பாடு, டீ: 800

மொத்தம் 6,860. தலைக்கு 46 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பட்டியலைப் பார்க்கும் பொருளாளர் முதலில் கை வைப்பது கையுறையில்தான். விட்டுக் கொடுக்காதீர்கள். குத்துபவர் ஆளுக்கு ஆள் உறை மாற்றியே ஆக வேண்டும். லான்செட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை: ஒரு ஆளுக்கு ஒன்று, ஒரே தடவை. ஹெச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் பரவ ஒரு குத்து போதும்.

குப்பி வாங்கும்போது காலாவதி தேதியையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள். பில்லில் பேட்ச் எண் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கடைக்காரர் குப்பியை எங்கிருந்து எடுக்கிறார் என்பது. ஒரு கடையில் கண் முன்னாலேயே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

கரண்டும் ஃபிரிட்ஜும் இல்லாத மலைக்கிராமம் மாதிரி இடமென்றால் உலர் அட்டைகள் உண்டு. டென்மார்க்கில் தயாராகும் எல்டன் கார்டு அப்படிப்பட்டது. மருந்து அட்டையிலேயே உலர்ந்த நிலையில் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ரத்தத்தைக் கலந்தால் போதும். சரிபார்ப்புக்கு நாலாவதாக ஒரு வட்டமும் அதிலேயே உண்டு. ஆனால் ஆள் கணக்கில் பார்த்தால் குப்பியைவிடப் பல மடங்கு விலை. 150 பேருக்குக் கட்டுப்படியாகாது.

4. ஐஸ் பெட்டி

குப்பிகளை முகாமுக்கு இரண்டு நாள் முன்பு வாங்கினால் போதும். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறைந்தால் மருந்து வீண். முகாம் இடத்தில் தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக் போட்டு, குப்பியைத் துணியில் சுற்றி வையுங்கள். ஜெல் பேக்கின் மேல் நேராக வைத்தால் அங்கேயே உறையக்கூடும். உபயோகத்தில் இருக்கும் செட் மட்டும் மேசையில், மற்றது பெட்டிக்குள்.

5. காலையில் முதல் வேலை

முதல் ஆளை உட்கார வைக்கும் முன்பு, வகை உறுதியாகத் தெரிந்தவர்களின் ரத்தத்தில் மருந்தைச் சோதியுங்கள். ஏற்கெனவே ரத்த தானம் செய்த ஆசிரியர்களில் ஏ பாசிட்டிவ் ஒருவர், பி பாசிட்டிவ் ஒருவர், முடிந்தால் ஓ நெகட்டிவ் ஒருவர். மூன்றும் எதிர்பார்த்தபடி வந்தால்தான் முகாம் தொடங்கலாம். வராவிட்டால் அந்தச் செட்டை ஒதுக்குங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். சிறப்பு விருந்தினர் வந்து காத்திருக்கிறார் என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ரிப்பன் வெட்டுவது கொஞ்சம் தாமதமானால் குடி முழுகிவிடாது.

பிறகு மேசை. வெளிச்சம் உள்ள இடம், அடியில் வெள்ளைத் தாள், ஃபேன் காற்று படாத மூலை. வேர்க்கும், பரவாயில்லை.

6. விரலில் குத்துவது

இது டெக்னீஷியன் பாடு. நீங்கள் கவனிக்க வேண்டியது மூன்று. வந்தவர் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும்; சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்தவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருந்தார்கள், பெரும்பாலும் ஜிம் உடம்புப் பையன்கள். சாய்மானம் உள்ள நாற்காலி வேண்டும், ஸ்டூல் வேண்டாம். விரலில் தடவிய ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் கலந்து ரத்த அணுக்கள் உடைந்துபோகும்.

மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுப்பார்கள். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். கையைக் கொஞ்சம் கீழே தொங்கப் போடச் சொன்னாலே போதும்.

7. கலக்குவதும் பார்ப்பதும்

ஒரு ஸ்லைடு, மூன்று இடம். இடமிருந்து வலமாக ஏ, பி, டி. இந்த வரிசையை நாள் முழுக்க மாற்றக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் ஒரு துளி மருந்து, பிறகு அதைவிடச் சின்னதாக ஒரு துளி ரத்தம். குப்பியின் துளிமுனை ரத்தத்தில் படக் கூடாது. பட்டால் குப்பி முழுவதும் கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்துக்கும் மூன்று பல்குச்சி. ஒரே குச்சியால் கலக்கினால் நீலமும் மஞ்சளும் கலந்து எல்லாமே தப்பாகும். மூடியை மாற்றி மூடிவிடும் கூத்தும் நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு குப்பி மட்டும் திறந்திருக்கட்டும்.

கலக்கி ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பரப்பி, ஸ்லைடை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். பொருந்தும் மருந்து என்றால் எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல ரத்தம் திட்டுத் திட்டாகத் திரியும். பொருந்தாவிட்டால் கலங்கிய சிவப்பு நீராக அப்படியே இருக்கும்.

இரண்டு நிமிடம். அதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் தாண்டிய ஸ்லைடைப் பார்க்கவே கூடாது; ஓரம் காய்ந்து பொய் சொல்லும். மேசையில் ஒரு டைமர் வையுங்கள்.

- ஏ மட்டும் திரிந்தால் ஏ வகை
- பி மட்டும் திரிந்தால் பி
- இரண்டும் திரிந்தால் ஏபி
- இரண்டும் திரியாவிட்டால் ஓ
- டி திரிந்தால் பாசிட்டிவ், திரியாவிட்டால் நெகட்டிவ்

முதல் டெக்னீஷியன் பார்த்ததை வாய் திறந்து சொல்லக் கூடாது. தாளில் எழுதிவிட்டு, இரண்டாமவர் தானாகப் பார்த்துச் சொன்ன பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் 'பி பாசிட்டிவ்' என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் கண்ணுக்கும் பி பாசிட்டிவாகவே தெரியும். இது நான் பல தடவை பார்த்தது.

இந்த ஐந்து வரியில் அடங்காத சில இருக்கின்றன. அங்கேதான் தவறு நடக்கும்.

மூன்றும் திரிந்தால். ஏபி பாசிட்டிவ் என்று உடனே எழுதாதீர்கள். நாலாவதாக ஒரு இடத்தில் மருந்துக்குப் பதிலாக ஒரு துளி சலைன் விட்டு ரத்தத்தைக் கலந்து பாருங்கள். சலைனிலும் திரிந்தால் அது மருந்தின் வேலை இல்லை. அந்த முடிவு செல்லாது. இந்த ஒரு துளியை நான் அன்றைக்குப் போடச் சொல்லியிருந்தால் 60 அட்டைகளைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டாம்.

டி திரியாவிட்டால். அட்டையில் நெகட்டிவ் என்று எழுதாதீர்கள். 'டியூப் முறையில் உறுதி செய்ய வேண்டும்' என்று எழுதுங்கள்; ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் பார்ப்பது அது. சிலருக்கு ரத்த அணுவில் உள்ள டி என்ற பொருள் பலவீனமாக இருக்கும்; ஸ்லைடில் தெரியாது. நம் நாட்டில் நெகட்டிவ் நூறில் ஐந்து பேர் என்ற அளவில்தான் இருப்பார்கள். 150 பேரில் ஏழெட்டுப் பேர் என்றால் சரி, 25 பேர் வந்தால் உங்கள் ஆன்டி-டி குப்பி செத்துவிட்டது என்று பொருள்.

ஓ வந்தால். பெரும்பாலும் ஓதான். ஆனால் பாம்பே வகை என்ற அரிய ரத்தமும் இந்தச் சோதனையில் ஓ போலவே தெரியும். அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறார்கள். ஸ்லைடில் இதைப் பிடிக்க முடியாது, ரத்த மையத்தில் சீரத்தையும் (அணுக்கள் நீங்கிய ரத்த நீர்) சேர்த்துச் சோதித்தால்தான் தெரியவரும். தொடக்கத்தில் சொன்ன எச்சரிக்கையை அட்டையில் அச்சடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், கைக்குழந்தை. இவர்களுக்கு முகாமில் பார்க்காதீர்கள். மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

8. எழுதுவது

ஸ்லைடு தவறுவதைவிட எழுத்து தவறுவதுதான் அதிகம். எங்கள் வகுப்பொன்றில் எம். பிரியா மூன்று பேர், கார்த்திக்கும் கார்த்திகாவும் அடுத்தடுத்து. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து வருவார்கள். அதனால் பெயரை விடுங்கள், எண்ணை வையுங்கள். பதிவு மேசையில் ஒரு வரிசை எண், அதே எண் ஸ்லைடில் மார்க்கரால், அதே எண் அட்டையில். கல்லூரி என்றால் பதிவேட்டில் ரோல் நம்பரும் சேரட்டும்.

ஸ்லைடில் எண் எழுதாமல் விரலில் குத்தக் கூடாது. ஒரு மேசையில் ஒரு நேரத்தில் ஒரு ஆளின் ஸ்லைடு மட்டும். இரண்டு ஸ்லைடு அருகருகே இருந்த நிமிடம் குழப்பம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதைக் கூட்டல், கழித்தல் குறியாக எழுதாதீர்கள். முழுச் சொல்லாக எழுதுங்கள். கழித்தல் குறியின் மேல் பேனா மை ஒரு கோடு இழுத்துவிட்டால் அது கூட்டலாகிவிடும்.

9. யாரிடமும் சொல்லக் கூடாதது

'எங்க அப்பா இந்த குரூப், எனக்கு ஏன் வேற?' என்று யாராவது கேட்பார்கள். மேசையில் இருக்கும் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்த பாரம்பரிய விதியைக் கொண்டு விளக்கம் சொல்லக் கிளம்புவார்கள். அவர்களுக்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: பெற்றோர், பிறப்பு பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஸ்லைடு தப்பாக இருக்கலாம், அப்பாவின் லைசென்சில் இருப்பது அவர் யாரோ சொல்லி எழுதிய வகையாக இருக்கலாம். 'மறுபடி பார்த்துடலாம்மா' என்று தனியாக அழைத்துப் போய்ப் பாருங்கள். இன்னொருவர் குடும்பத்தில் நாம் தீ வைக்க வேண்டாம்.

வகைப் பட்டியலைத் தொலைபேசி எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அப்படித்தான். ரத்த தானம் செய்ய விருப்பமா என்று தனிக் கட்டம் வைத்து, டிக் அடித்தவர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

10. கழிவு

லான்செட் வெள்ளை நிற, குத்தினாலும் ஓட்டை விழாத பெட்டியில். பஞ்சும் பல்குச்சியும் மஞ்சள் பையில். கையுறை சிவப்புப் பையில். கண்ணாடி ஸ்லைடு நீலப் பெட்டியில். மேசையில் ரத்தம் சிந்தினால் 1 சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றித் துடையுங்கள். கடையில் 5 சதவீதம் கிடைத்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். மாலையே ஒப்புதல் தந்த மருத்துவமனையில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

பயன்படுத்திய லான்செட் யார் கையிலாவது குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் பயன் இல்லை. கூச்சப்பட்டு மறைக்கும் தன்னார்வலர்கள் இருப்பார்கள். அதனால் இதைக் காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

11. முகாமுக்கு அடுத்த வாரம்

நெகட்டிவ் என்று சந்தேகப்பட்டவர்களை ஒரே வண்டியில் ஏற்றி ரத்த மையத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். 'போய்ப் பார்த்துக்கோங்க' என்று சொன்னால் போக மாட்டார்கள். எங்கள் கடைசி முகாமில் எட்டுப் பேரைக் கூட்டிப்போனோம். டியூப் முறையில் ஒருவர் பாசிட்டிவ் ஆனார். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். நெகட்டிவ் பெண் கருவுற்றால், அவள் உடல் பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் இருக்க 28ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் மறுபடி போட வேண்டும். இது தெரிந்து முதல் மாதமே மருத்துவரிடம் சொல்லட்டும்.

கடைசியாக மிச்சமான குப்பிகள். அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று ஆய்வகத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். விடுமுறையில் யாராவது கரண்டை அணைத்துவிட்டுப் போவார்கள், குப்பி பார்க்கப் புதிதாகவே இருக்கும். வந்த டெக்னீஷியனிடமே அன்றைக்குக் கொடுத்துவிடுங்கள்; அவர் ஆய்வகத்தில் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.